நெல்லையில் கடைவீதி சுற்ற: ஊருக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

மாற்றலாகித் திருநெல்வேலிக்கு வந்தவர்கள், பிள்ளையைப் பாளையங்கோட்டையில் கல்லூரியில் சேர்த்துவிட்டு இரண்டு நாள் தங்குகிறவர்கள், இந்த ஊரில் பெண் எடுத்தவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது "எந்தக் கடை நல்ல கடை?" என்றுதான். "எத்தனை மணிக்குப் போகணும்?" என்று கேட்டால் பாதி அலைச்சல் மிச்சமாகும். காலை ஐந்து மணிக்குக் காய்கறி லாரி நிற்கிற ரோட்டில் ஒன்பது மணிக்கு ஸ்கூல் வேன்தான் நிற்கும். மதியம் இரண்டு மணிக்கு வெறிச்சோடிக் கிடக்கிற ரத வீதியில் மாலை ஆறு மணிக்குத் தோள் இடிக்காமல் நடக்க முடியாது. ஊரிலேயே பேர் பெற்ற அல்வாக் கடை பகலெல்லாம் மூடித்தான் கிடக்கும். அதனால் இந்த வழிகாட்டியை ஒரு நாளின் நேரப்படியே சொல்லிக்கொண்டு போகிறேன். வாரச்சந்தையும் வெளியூர்ச் சாமான்களும் அதற்குப் பிறகு.

முதலில் ஊரைப் புரிந்துகொள்ளுங்கள்

மேற்கே டவுன், நடுவே ஜங்ஷன், ஆற்றைத் தாண்டினால் வண்ணார்பேட்டை, அதற்கும் கிழக்கே பாளையங்கோட்டை. இந்த வரிசை மனதில் பதிந்துவிட்டால் போதும். ஆறு என்றால் தாமிரபரணி. ஜங்ஷன் பக்கமிருந்து அதைக் கடக்கிற பழைய பாலம் சுலோச்சன முதலியார் பாலம். அந்தப் பெயருடையவர் கைப்பணம் போட்டுக் கட்டி, 1843-ல் திறந்தது. இன்றைக்கும் ஊரின் பாதிப் போக்குவரத்து அதன் மேல்தான்.

சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ பஸ்ஸில் வந்தால் பெரும்பாலும் வேய்ந்தான்குளம் புதிய பேருந்து நிலையத்தில் இறக்கிவிடுவார்கள். கடைவீதி அங்கே கிடையாது. ஜங்ஷன் வழியாக டவுனுக்குப் போகிற நகரப் பேருந்தில் ஏறி 'ஆர்ச்' என்று கேட்டு இறங்குங்கள். ரயிலில் வந்தவர்களுக்கு ஜங்ஷனிலேயே டவுன் பஸ் கிடைக்கும். எஸ்.என். ஹைரோடு வழியாக வந்து டவுன் ஆர்ச்சில் இறங்கினால் ரத வீதிக்கு நடக்கிற தூரம்தான். பெண்களுக்குச் சாதாரணக் கட்டண அரசு நகரப் பேருந்தில் டிக்கெட் காசு கிடையாது. தனியார் டவுன் பஸ்ஸும் நிறைய ஓடுகிறது, அதில் காசு உண்டு. ஏறுவதற்கு முன் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

சொந்த வண்டியில் ரத வீதிக்குள் நுழையும் ஆசையை விட்டுவிடுங்கள். தீபாவளி, பொங்கல் நெருங்கினால் போலீஸே வண்டிகளைத் திருப்பிவிடும். சாதாரண நாளிலும் வண்டியை நிறுத்த இடம் தேடுகிற நேரத்தில் நடந்து இரண்டு வீதி சுற்றிவிடலாம்.

வழி கேட்டால் இங்கே பதில் 'முக்கு' கணக்கில்தான் வரும், முக்கு என்றால் தெருமுனை. வாகையடி முக்கு, சந்திப்பிள்ளையார் முக்கு, லாலா சத்திர முக்கு என்பார்கள். கூகுள் மேப்பை வைத்துக்கொண்டு தெருப் பெயரைத் தேடுவதைவிட, இந்த முக்குகளில் இரண்டைத் தெரிந்துவைத்தால் சீக்கிரம் போய்ச் சேரலாம்.

கையில் என்ன வேண்டும்

துணிப்பை இரண்டு. ஒன்று காய்கறிக்கு, ஒன்று மற்றதற்கு. பத்து, இருபது ரூபாய்த் தாள்கள் கொஞ்சம். பூக்காரம்மாவிடம்கூட இப்போது கியூஆர் அட்டை இருக்கிறதுதான். ஆனால் கூட்ட நேரத்தில் சிக்னல் சுற்றிக்கொண்டே இருக்கும், பின்னால் நிற்கிறவர்கள் முறைப்பார்கள். கழற்ற எளிதான செருப்பு போட்டுக்கொள்ளுங்கள், நடுவில் கோயிலுக்குள் போக மனசு வரும். சித்திரை, வைகாசி வெயிலில் குடை இல்லாமல் வராதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் அதே குடை மழைக்கு.

விடியற்காலை: காய்கறி

டவுனில் நயினார்குளம் ரோட்டில் இருப்பது மொத்தக் காய்கறி மார்க்கெட். சுற்றுவட்டாரக் கடைக்காரர்கள் எல்லாம் இங்கே வந்துதான் சரக்கு எடுக்கிறார்கள். இருட்டு விலகும் முன்பே லாரியும் டெம்போவுமாக நிற்கும், மூட்டை தூக்குகிறவர்கள் "வழி, வழி" என்று வருவார்கள். அவர்களுக்குக் குறுக்கே நின்று போட்டோ எடுக்காதீர்கள். அரை கிலோ கத்தரிக்காய் வாங்குவதற்கான இடமும் இது இல்லை. கல்யாணம், சடங்கு, சமையல் கான்ட்ராக்ட் என்று மூட்டைக் கணக்கில் வேண்டியவர்களுக்கு இங்கே லாபம். வேடிக்கை பார்க்க வந்தாலும் ஓரமாக நின்று பார்க்கலாம். அன்றைக்கு எந்தக் காய் வரத்து அதிகம் என்று தெரிந்துவிட்டால், அப்புறம் சில்லறைக் கடையில் யாரும் உங்களிடம் கூடுதலாகச் சொல்ல முடியாது.

வீட்டுக்கு வாங்க உழவர் சந்தைக்குப் போங்கள். பாளையங்கோட்டைப் பக்கம் மகாராஜநகரில் ஒன்று, டவுன் பக்கம் கண்டியப்பேரியில் ஒன்று. தமிழ்நாட்டில் 1999-ல் தொடங்கிய திட்டம் இது. அடையாள அட்டை வைத்திருக்கிற விவசாயிகள் நேரடியாக விற்கிறார்கள், அன்றைய விலை பலகையில் எழுதியிருக்கும். அதனால் இங்கே பேரம் பேச வேண்டாம், பேசினாலும் நடக்காது. ஏழு மணிக்குள் போனால் பறித்த ஈரத்தோடு கீரை கிடைக்கும். பத்து மணிக்குப் போனால் மிச்சம்தான்.

சந்தைக்கு வெளியே தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கிற ஆச்சிகளை விட்டுவிடாதீர்கள். அவர்களிடம் எடைக்கல் இருக்காது, 'கூறு' கட்டி வைத்திருப்பார்கள். வீட்டுப் புடலங்காய், சின்ன அவரை, மாங்காய் இஞ்சி, முருங்கைக்கீரை என்று கடையில் கிடைக்காதது அங்கே இருக்கும். ஒரு கூறு இவ்வளவு என்றால் அவ்வளவுதான். இரண்டு கூறாக வாங்கினால் கறிவேப்பிலை கொசுறாக வரும்.

வாழைப்பழம் வாங்கும்போது வெறுமனே "பழம்" என்று கேட்டால் கடைக்காரர் உங்கள் முகத்தைப் பார்ப்பார். கோழிக்கூடா, நாட்டுப்பழமா, ஏத்தனா, செவ்வாழையா என்று சொல்ல வேண்டும். சாப்பாட்டுக்குப் பின் தின்னக் கோழிக்கூடு. அவித்துத் தின்னவும் சிப்ஸ் போடவும் ஏத்தன். சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் ஏத்தம்பழத்தை விடமாட்டார்கள்.

பூவுக்குப் பெயர் இங்கே கொஞ்சம் வேறு. பிச்சி கேளுங்கள், மல்லிகைக்குப் பக்கத்திலேயே இருக்கும், மணம் இன்னும் கனமானது. மாலைக்குக் கட்டுகிற மஞ்சள், ஆரஞ்சுப் பூ கேந்தி. விலை முகூர்த்தத்தைப் பொறுத்து ஆடும். முந்தின நாள் முழம் என்ன விலைக்குப் போனது என்பதை வைத்து முகூர்த்த நாளில் சண்டை போடுவதில் பயனில்லை.

பேசுகிற விதம்

கடைக்காரர் ஆணாக இருந்தால் 'அண்ணாச்சி'. வயது உங்களைவிடக் குறைவாக இருந்தாலும் அண்ணாச்சிதான், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பெண்ணாக இருந்தால் 'அக்கா', வயதானவர் என்றால் 'ஆச்சி'. மேலப்பாளையத்திலும் பத்தமடையிலும் 'பாய்' என்று கூப்பிடலாம். 'சார்' என்று கூப்பிட்டீர்களோ, வெளியூர் என்று தெரிந்துவிடும். அதனால் ஏமாற்றிவிடுவார்கள் என்று சொல்லவில்லை, ஆனால் பேச்சு சுருங்கிவிடும். நெல்லைக் கடைக்காரருக்குப் பேச்சு வேண்டும். எந்த ஊர், யார் வீட்டுக்கு வந்திருக்கிறீர்கள், அங்கே மழை உண்டா என்றெல்லாம் கேட்பார். பதில் சொல்லுங்கள். விலை அதற்குள்தான் இறங்கும்.

பேரம் எங்கே பேசலாம், எங்கே கூடாது என்பதில் எனக்குக் கறாரான கருத்து உண்டு. ஜவுளி ஷோரூம், லாலா கடை என்கிற மிட்டாய்க் கடை, உழவர் சந்தை, எடை போட்டு விற்கிற பாத்திரக்கடை இங்கெல்லாம் வேண்டாம். பாத்திரக்கடையில் பழைய பித்தளையைப் போட்டுப் புதுசு எடுக்கும்போது பழசுக்கு என்ன எடை, என்ன விலை என்பதில் மட்டும் வாயைத் திறக்கலாம், திறக்கவும் வேண்டும். நடைபாதைத் துணி, பிளாஸ்டிக், செருப்பு, பொம்மை, கவரிங் வளையல் இவற்றில் தாராளமாகப் பேசலாம். "கட்டுப்படியாகிற விலை சொல்லுங்க அண்ணாச்சி" என்று தொடங்குவது இந்த ஊர் வழக்கம். பாதி விலைக்குக் கேட்பது மதுரையில் எடுபடலாம், இங்கே "வேற கடை பாருங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

காலையில் கடை திறந்த உடனே போய் விலையை மட்டும் கேட்டுவிட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். முதல் போணி கலைந்துபோனால் அன்றைய வியாபாரமே படுத்துவிடும் என்று நம்புகிறவர்கள் இன்றும் நிறைய. வாங்கும் எண்ணம் இல்லை என்றால் பதினொரு மணிக்குப் போங்கள்.

மதியம்: சும்மா இருங்கள்

பன்னிரண்டரை, ஒரு மணிக்குக் கோயில் நடை சாத்தினால் டவுன் அமைதியாகிவிடும். சின்னக் கடைகள் பல பாதிக் கதவைச் சாத்திவிட்டுச் சாப்பிடப் போய்விடும். இந்த நேரத்தில் வெயிலில் அலைந்து ஒன்றும் கிடைக்காது. இலைச் சாப்பாடு சாப்பிடுங்கள். சொதி போடுகிற நாளாக இருந்தால் அதிர்ஷ்டம். தேங்காய்ப்பாலில் காய்கறி வேகவைத்த குழம்பு அது, கூடவே இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்கு சிப்ஸும் வரும். கல்யாணத்துக்கு அடுத்த நாள் விருந்துக்கென்றே இருந்தது, இப்போது சில ஹோட்டல்களில் குறிப்பிட்ட நாளில் வைக்கிறார்கள். அப்புறம் அறைக்குப் போய்ப் படுங்கள். நான்கு மணிக்கு மேல்தான் அடுத்த வேலை.

மாலை: ரத வீதி

நெல்லையப்பர் கோயிலைச் சுற்றி நான்கு ரத வீதிகள். தேர் ஓடுவதற்கு அமைந்த வீதிகள் என்பதால் அகலம் உண்டு. ஆனிப் பெருந்திருவிழாவில் சுவாமி தேரைப் பார்த்தவர்களுக்கு அந்த அகலம் ஏன் என்று புரியும். தேர் நிற்கிற காலம் போக மற்ற நாளெல்லாம் அந்த அகலத்தை வியாபாரம் எடுத்துக்கொள்கிறது. கட்டடத்துக்குள் ஒரு கடை, அதன் வாசலில் ஒரு கடை, அதற்கு முன்னால் தள்ளுவண்டி, தள்ளுவண்டிக்குப் பக்கத்தில் கையிலேயே சரக்கை வைத்துக்கொண்டு ஒருவர்.

நான் சொல்கிற முறை இது. கீழ ரத வீதியில் கோயில் வாசலிலிருந்து தொடங்கி, கோயிலை வலமாக ஒரு முழுச் சுற்று வாருங்கள். முதல் சுற்றில் ஒன்றும் வாங்காதீர்கள். எங்கே என்ன இருக்கிறது, எந்த விலை திரும்பத் திரும்பக் காதில் விழுகிறது என்று மட்டும் பாருங்கள். நிதானமாக நடந்தால் முக்கால் மணி நேரம் ஆகும். இரண்டாவது சுற்றில் வாங்குங்கள். வலம் வருவதில் இன்னொரு வசதி, கூட்டம் பெரும்பாலும் அந்தத் திசையில்தான் நகரும்.

கோயில் வாசலை ஒட்டிப் பூஜைச் சாமான், குங்குமம், வளையல், கண்ணாடிக்குள் சாமி படம். அடுத்தடுத்து ஜவுளியும் நகையும். இன்று சென்னையில் பெரிய கடை வைத்திருக்கிற ஆரெம்கேவி 1924-ல் இந்த ஊரில் தொடங்கியதுதான். கல்யாணப் பட்டு எடுக்க வந்தவர்கள் குடும்பம் குடும்பமாக வேனில் வந்து இறங்குவார்கள். அந்தக் கூட்டத்தில் ஒரு ரவிக்கைத் துணி எடுக்க நுழைந்தால் ஒரு மணி நேரம் போய்விடும். வைகாசி, ஆவணி போன்ற முகூர்த்த மாதங்களில் சனி, ஞாயிறைத் தவிர்த்துவிட்டு வாரநாள் முற்பகலில் போனால் விற்பனையாளர் உங்களுக்கென்று நின்று எடுத்துக் காட்டுவார்.

பாத்திரக்கடைகளுக்குக் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள். எவர்சில்வருக்கு வேண்டாம், அது எல்லா ஊரிலும் கிடைக்கும். வெண்கல உருளி, பித்தளைக் குத்துவிளக்கு, இரும்புத் தோசைக்கல், பணியாரக்கல் இவற்றுக்காகப் போங்கள். வெண்கலத்தைத் தட்டினால் ஓசை இழுத்துக்கொண்டே போக வேண்டும், சட்டென்று அடங்கினால் விரிசலோ ஒட்டோ இருக்கலாம். குத்துவிளக்கைத் தரையில் வைத்து ஆட்டிப் பாருங்கள், தண்டும் தட்டும் சேர்கிற திருகு ஆடக்கூடாது. இரும்புக் கல்லை அப்படியே அடுப்பில் வைக்க முடியாது, பழக்க வேண்டும். எப்படி என்று கடைக்காரரிடமே கேளுங்கள், சந்தோஷமாகச் சொல்வார். பக்கத்தில் சாமான் வாங்க வந்த அம்மாவும் சேர்ந்து சொல்வார், அவர் சொல்வது பெரும்பாலும் இன்னும் சரியாக இருக்கும்.

தீபாவளிக்கு முந்தின வாரம் ரத வீதி வேறு உலகம். முதல் முறை வருகிறவர்களுக்கு அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பார்க்க வேண்டும் என்றே வந்தால் நகை போடாமல், பர்ஸை முன் பையில் வைத்து, பிள்ளைகளின் சட்டைப்பையில் போன் நம்பர் எழுதிய சீட்டோடு வாருங்கள். புரட்டாசியில் வந்தால் இன்னொரு காட்சி: குலசேகரப்பட்டினம் தசராவுக்கு வேடம் கட்டுகிறவர்கள் கிரீடம், சடைமுடி, சாயம், சூலம் என்று வாங்கிக்கொண்டு போவார்கள். காளி வேடத்துக்கு ஒரு கிரீடத்தைத் தலையில் வைத்துப் பார்த்துக்கொண்டே டீ குடிக்கிற ஆளைப் பார்க்க வேறு ஊருக்குப் போக முடியாது.

அல்வா

இதற்காகத்தான் பாதிப் பேர் வருகிறார்கள், அதனால் சற்று விளக்கமாகவே சொல்கிறேன்.

நெல்லையின் மிட்டாய்க் கடைகளுக்கு 'லாலா கடை' என்று பெயர். ராஜஸ்தான் பக்கமிருந்து வந்து தங்கிய குடும்பங்கள் தொடங்கிய தொழில் அது. சம்பா கோதுமையை ஊறவைத்து, அரைத்து, பால் எடுத்து, அதைச் சீனியோடும் நெய்யோடும் மணிக்கணக்காகக் கிண்டுகிறார்கள். சாயம் போடாமலே நிறம் வருவது அந்தக் கிண்டலில்தான். தாமிரபரணித் தண்ணீர்தான் ருசிக்குக் காரணம் என்று ஊரில் எல்லாரும் சொல்வார்கள். மறுத்துப் பேசாதீர்கள், நட்பு கெடும்.

இருட்டுக்கடை இருப்பது கீழ ரத வீதியில், கோயிலுக்கு எதிரே. சாயங்காலம் ஐந்து மணி வாக்கில் திறந்து, சரக்குத் தீர்ந்ததும் மூடுகிற கடை. திறப்பதற்கு முன்பே வரிசை நிற்கும். வெளியூர்க்காரர்கள் ஏமாறுவது இங்கேதான்: காலையில் வந்து பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் எதையோ வாங்கிக்கொண்டு ரயிலேறிவிடுகிறார்கள். மாலை இருக்க முடியாதவர்கள் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம். டவுனிலும் ஜங்ஷனிலும் பழைய லாலா கடைகள் நல்ல அல்வா போடுகின்றன, பகலிலும் கிடைக்கும்.

ஜங்ஷன் பக்கம் ஒன்றைக் கவனியுங்கள். பிரபலமான ஒரு பெயருக்கு முன்னும் பின்னும் ஒரு வார்த்தை சேர்த்த பலகைகள் வரிசையாக இருக்கும். எது அசல் என்று ஆராய்ச்சி செய்வதைவிட எளிய வழி உண்டு. கிலோக் கணக்கில் கட்டச் சொல்வதற்கு முன் சூடாக நூறு கிராம் வாங்கி நின்றுகொண்டே தின்னுங்கள். நல்ல அல்வா விரலில் வழுக்க வேண்டும், பல்லில் ஒட்டக்கூடாது. விழுங்கின பிறகு தொண்டையில் நெய் வாசம் நிற்க வேண்டும், டால்டா மெழுகு நிற்கக்கூடாது. பிடித்திருந்தால் அதே தட்டிலிருந்து கட்டச் சொல்லுங்கள்.

அல்வா தின்றதும் ஒரு கை மிக்சரோ காராச்சேவோ வாயில் போடுவது இங்கே வழக்கம். திகட்டல் அடங்கும், இன்னும் கொஞ்சம் அல்வா இறங்கும். வீட்டுக்கும் இரண்டையும் சேர்த்தே வாங்குங்கள்.

ராத்திரி எட்டு மணிக்கு மேல் பசித்தால் புரோட்டாவும் சால்னாவும். எந்தக் கடை என்று நான் சொல்லப் போவதில்லை, கல்லில் தட்டுகிற சத்தம் கேட்கிற பக்கம் போங்கள்.

வண்ணார்பேட்டை, பாளையங்கோட்டை

ஏசி ஷோரூம், லிப்ட், கார் நிறுத்த இடம் வேண்டும் என்கிறவர்களுக்கு வண்ணார்பேட்டை. பெரிய ஜவுளிக்கடைகள் அந்தப் பக்கம்தான். வயதானவர்களை அழைத்துக்கொண்டு பட்டெடுக்க ரத வீதியைவிட அது வசதி, ஒத்துக்கொள்கிறேன்.

பாளையங்கோட்டை கல்லூரிகளும் பள்ளிகளும் நிறைந்த ஊர். தெற்கு பஜார் பக்கம் நோட்டுப் புத்தகம், யூனிபார்ம், பேக் என்று படிக்கிற பிள்ளைக்கு வேண்டியது எல்லாம் ஒரே நடையில் கிடைக்கும். ஜூன் முதல் வாரத்தில் மட்டும் போகாதீர்கள்.

செவ்வாய்க்கிழமை: மேலப்பாளையம் சந்தை

வாரத்தில் ஒரு நாள், செவ்வாய்க்கிழமை, மேலப்பாளையத்தில் கால்நடைச் சந்தை. முக்கியமாக ஆடு. காலை வெயில் ஏறுவதற்குள் நல்ல உருப்படிகள் கைமாறிவிடும். பக்ரீத், தீபாவளிக்கு முன்னால் வருகிற செவ்வாயில் சந்தை நிரம்பி ரோட்டுக்கு வந்துவிடும்.

ஆடு வாங்கும் எண்ணம் இல்லாதவர்களும் ஒரு முறை போகலாம். சத்தமான பேரம் ஒருபக்கம் இருக்கட்டும், துண்டுக்குக் கீழே விரலைப் பிடித்துப் பேசுகிற பேரத்தைப் பாருங்கள். பக்கத்தில் நிற்கிறவருக்கு விலை தெரியக்கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. தரகர் இரண்டு பக்கமும் போய்ப் போய் வருவார். வாங்குகிறவர்கள் ஆட்டின் பல்லைப் பார்த்து வயது சொல்வார்கள், முதுகில் கையை வைத்து எடை சொல்வார்கள். கிட்டே போய்ப் பார்க்கலாம், ஆனால் விலை முடிகிற நேரத்தில் நடுவில் கேள்வி கேட்காதீர்கள். வாங்கவே வந்தவர்கள், ஆடு வளர்த்துப் பழக்கமுள்ள ஒருவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். தரகர் கமிஷன் யார் கொடுப்பது என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள்.

மேற்கே ஒரு நாள்: செய்கிற இடத்திலேயே வாங்க

ரத வீதியில் பார்த்த பாய், பானை, சொப்புச் சாமான் எல்லாம் எங்கிருந்து வருகின்றன என்று கேட்டால் கடைக்காரர்கள் மேற்கே கையைக் காட்டுவார்கள். ஜங்ஷனிலிருந்து தென்காசி போகிற ரயில் பாதையில் டவுன், பேட்டை தாண்டினால் சேரன்மகாதேவி, காருக்குறிச்சி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று வரிசையாக வரும். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு சரக்கு. பாசஞ்சர் ரயில் நேரம் பார்த்துக் காலையில் ஏறினால் அம்பாசமுத்திரம் வரை சுமார் ஒரு மணி நேரம். வழியெல்லாம் வயலும் வாழையும் மலையும். திரும்பும்போது பஸ்ஸில் ஊர் ஊராக இறங்கி வரலாம். ஒரே நாளில் ஐந்து ஊரையும் முடிக்க நினைத்தால் ஒன்றையும் பார்த்ததாக இருக்காது, இரண்டு போதும்.

அந்த இரண்டில் ஒன்று பத்தமடையாக இருக்கட்டும். சேரன்மகாதேவியிலிருந்து சில கிலோமீட்டர், ரோட்டில்தான் போக வேண்டும். ஆற்றங்கரைக் கோரையை அறுத்து, காயவைத்து, ஊறவைத்து, மெல்லிய இழையாகக் கிழித்து நெய்கிற பாய்க்குப் புவிசார் குறியீடு உண்டு. வாங்குவதற்கு முன் இரண்டு வகை இருப்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். சாதாரணப் பாய் தினமும் படுக்க. பட்டுப்பாய் என்பது வேறு. 100, 120, 140 என்று எண் சொல்வார்கள், எண் ஏற ஏற நெசவு நெருக்கம், விலையும் அப்படியே. உயர்ந்த ரகத்தைத் தொட்டால் துணி மாதிரி இருக்கும், சுருட்டினால் கைக்குள் அடங்கும். கல்யாணத்துக்கு மணமக்கள் பெயரை நெய்து கொடுப்பார்கள், அதற்கு முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். நெய்கிற வீட்டிலேயே உட்கார்ந்து பார்த்துவிட்டுப் பேரம் பேச எனக்கு வாய் வராது. ஓர் உயர் ரகப் பாய் தறியில் எத்தனை நாள் கிடக்கிறது என்று கேட்டால் உங்களுக்கும் வராது.

காருக்குறிச்சியில் மண்பாண்டம். நாதஸ்வரம் கேட்கிறவர்களுக்கு ஊர்ப் பெயர் முன்பே தெரிந்திருக்கும், அருணாசலம் பிறந்த ஊர். பானையைச் சுண்டிப் பாருங்கள், கணீரென்று கேட்க வேண்டும். சமைக்க என்று சொல்லி வாங்குங்கள், அலங்காரத்துக்கு வர்ணம் பூசியதை அடுப்பில் ஏற்றக்கூடாது. புதுப் பானையை ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, கஞ்சித் தண்ணீர் காய்ச்சிய பிறகு குழம்பு வையுங்கள்.

வீரவநல்லூரில் கைத்தறி. அங்கே சௌராஷ்டிர நெசவாளர்கள் நெய்கிற செடிபுட்டா சேலைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. செடியும் பூவுமாக நெசவிலேயே வருகிற வேலைப்பாடு. கல்லிடைக்குறிச்சியில் அப்பளம், வேறு பேச்சே இல்லை. அம்பாசமுத்திரத்தில் மரச் சொப்பு: அந்தக் காலத்தில் மஞ்சக்கடம்பு மரத்தில் கடைந்து அரக்கு வண்ணம் ஏற்றியது. அடுப்பு, ஆட்டுக்கல், அம்மி, குடம் என்று ஒரு சமையலறையே ஓலைப்பெட்டிக்குள் அடங்கும். ரத வீதியில் பிளாஸ்டிக் சொப்பு வாங்கிக் கொடுப்பதற்கு முன் இதை ஒரு முறை பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

கருப்பட்டி

கிழக்கே உடன்குடி, திசையன்விளைப் பக்கத்துப் பனங்காட்டுச் சரக்கு நெல்லைக் கடைகளுக்கு வந்துவிடும். பதநீர் இறக்குகிற பங்குனி முதல் ஆடி வரையிலான மாதங்களில் வாங்கினால் புதுசு. மழைக்காலத்தில் கசியும், அப்போது நிறைய வாங்கி அடுக்கிவைக்காதீர்கள். ஒன்றை உடைத்துக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே கற்கண்டு மாதிரிப் பளபளத்தால் சீனி கலந்தது. நல்ல கருப்பட்டி மங்கலாகக் கறுப்பும் பழுப்புமாக இருக்கும், வாயில் போட்டால் பைய கரையும். சுக்கு, மிளகு சேர்த்த சில்லுக்கருப்பட்டி ஓலைப்பெட்டியில் வரும். பயணத்தில் கொறிக்க அது நல்லது. தை மாதம் பொங்கலுக்கு வந்தீர்கள் என்றால் தெருவெல்லாம் பனங்கிழங்கும் மஞ்சள்குலையும் அடுப்பெரிக்கப் பனையோலைக் கட்டுமாக இருக்கும். கிழங்கை வாங்கி அவித்துத் தின்னுங்கள், ஓலை உங்களுக்கு வேண்டாம்.

ஊருக்குக் கொண்டுபோக

அல்வாவைக் கிளம்புகிற அன்று மாலை கடைசியாக வாங்குங்கள். சூடு ஆறும் வரை டப்பாவை மூடச் சொல்லாதீர்கள், வியர்த்துவிடும். பிரிட்ஜில் வைக்க வேண்டாம், நெய் உறைந்து கட்டியாகும். வெளியிலேயே ஒரு வாரம் தாங்கும். தின்பதற்கு முன் லேசாகச் சூடு காட்டினால் போதும். பாயைச் சுருட்டி இரண்டு முனையிலும் துணி சுற்றிக் கட்டுங்கள், கோரை முனைதான் முதலில் உடையும். அப்பளத்தைப் பெட்டியின் மேல்தட்டில், கருப்பட்டியைப் பேப்பரில் சுற்றிக் கீழே. பிச்சிப்பூ வாங்கியிருந்தால் ஈர வாழையிலையில் மடித்துக் கைப்பையில் வையுங்கள். பானையைப் பஸ்ஸில் ஏற்றுவதாக இருந்தால் வைக்கோல் திணித்துச் சாக்கில் கட்டி, காலுக்கு இடையில் வைத்துக்கொள்ளுங்கள். மேலே கேரியரில் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியாது. நடத்துநர் லக்கேஜ் டிக்கெட் கேட்டால் கொடுத்துவிட்டு, ஜன்னல் சீட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள்.